சதுரங்கம் கற்கும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை



கல்வி உதவி மனுக்கள் பெறும் மாதங்களில் இப்போதெல்லாம் புது வகை மனு ஒன்றும் சேர்ந்து வருகிறது. பிள்ளையின் சதுரங்கப் பயிற்சிக் கட்டணத்துக்கு உதவி கேட்கும் மனு அது. 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு இது கூடியிருக்கிறது. ஒரு தாயார், "வளையலை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். அவரிடம் கேட்கப்பட்ட மூன்று மாதக் கட்டணம், தறியில் உட்காரும் அவர் கணவரின் ஒரு மாதக் கூலியைவிட அதிகம். வேண்டாம் என்று சொன்னோம். ஏன் வேண்டாம், அப்படியானால் பிள்ளை எப்படிக் கற்பது என்பதை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக எழுதிவிடுவது நல்லது என்று நிர்வாகக் குழுவில் முடிவாயிற்று.

முதலில், பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் மார்க்கக் கேள்வியைச் சொல்லிவிடுகிறோம். சதுரங்கம் பற்றி ஃபிக்ஹு நூல்களில் பேச்சு நீண்டது. பந்தயம் வைத்து ஆடினால் ஹராம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தொழுகையை மறக்கடிக்கும் ஆட்டம் கூடாது என்பதிலும் இல்லை. பந்தயமும் இல்லை, தொழுகையும் தவறவில்லை என்றால் என்ன என்பதில்தான் இமாம்கள் வேறுபடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. ஹனஃபி மத்ஹபில் பெரும்பாலோர் இன்னும் கடுமையாகச் சொல்கிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்வது இந்த இதழின் வேலையல்ல. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆடுபவர்களிடம் வாங்கிய நுழைவுக் கட்டணத்தையே திரட்டி வென்றவருக்குப் பரிசாகக் கொடுக்கும் போட்டிகள் உண்டு, வேறொருவர் புரவலராக இருந்து பரிசு தரும் போட்டிகளும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

ஆடலாம் என்று தெளிந்த வீடுகளுக்கே இனி வரும் விஷயம்.

சதுரங்கத்தை முறையாகக் கற்பது என்பது நேற்று தொடங்கியதல்ல. அப்பாசியர் காலத்து பக்தாதில் அல்அத்லீ, அவருக்குப் பின் அபூபக்ர் அஸ்ஸூலீ ஆகியோர் இதற்கென்றே நூல் எழுதினார்கள். அஸ்ஸூலீ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா முக்தஃபீயின் அவையில் ஆடிப் பெயர் பெற்றவர், வரலாற்றாசிரியரும்கூட. அந்த நூல்களில் 'மன்ஸூபா' என்றொரு பகுதி வரும். பலகையில் சில காய்களை மட்டும் நிறுத்திவைத்து, இந்த நிலையிலிருந்து எப்படி வெல்வாய் என்று கேட்கும் புதிர்கள் அவை. அஸ்ஸூலீ அமைத்த ஒரு புதிரை ஆயிரம் ஆண்டுகளாக யாராலும் அவிழ்க்க முடியவில்லை. 1980களில் ரஷ்யாவின் கிராண்ட்மாஸ்டர் யூரி அவர்பாக் விடை கண்டார். 'செக்மேட்' என்ற சொல்லே 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபுதான் என்பது மக்தபுப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மகிழ்வார்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஆயிரம் ஆண்டுக்கு முன் மன்ஸூபாவால் செய்த பயிற்சியைத்தான் இன்றும் ஆசிரியர்கள் முதல் பயிற்சியாகச் சொல்கிறார்கள். விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தாயாரிடம் காய் நகர்த்தக் கற்றார். 1970களின் இறுதியில் தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் ஒரு சதுரங்கப் புதிர் போடுவார்கள். சரியான விடை எழுதி அனுப்பினால் புத்தகம் பரிசு. பையன் பள்ளியில் இருக்கும்போது தாயார் புதிரை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை தேடுவார்கள். கடைசியில் அந்த நிலையத்தார், வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்றார்களாம். சென்னையில் அவர் ஆடிப் பழகியது 1972இல் மானுவல் ஆரோன் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் ஆரோன். ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கணினி இல்லை, கைப்பேசி இல்லை. ஒரு தாயார், ஒரு நோட்டு, பெரியவர்கள் கூடி ஆடும் ஓர் இடம்: இவ்வளவுதான் இருந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இப்போது நாம் காண்பது வேறு. கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம் என்று ஒரு மாலையில் முப்பது ஆட்டம் ஆடுகிறார்கள். தோற்றால் உடனே அடுத்த ஆட்டத்துக்கு விரல் போகிறது. "படிக்கிறான் அத்தா, செஸ்தானே" என்று தாயும் விட்டுவிடுகிறார். அது படிப்பல்ல. அதில் பிள்ளை பழகுவதெல்லாம் தன் பழைய தவறுகளையே வேகமாகச் செய்வதுதான். ஆறு மாதம் இப்படி ஆடிய பிள்ளையையும், வாரத்துக்கு இரண்டே ஆட்டம் ஆடி அவற்றை எழுதிவைத்துத் திரும்பப் பார்த்த பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்தால் யார் வெல்வார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

எழுதிவைப்பது எப்படி? பலகையில் குறுக்கே 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு எழுத்து. நெடுக்கே 1 முதல் 8 வரை எண். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வந்துவிடுகிறது. ராஜாவின் முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 'இ4'. சேலை டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எழுதி, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்துவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நாள் வேலை. ஆட்டம் முடிந்ததும் நோட்டைத் திறந்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். முதன்முதலில் எங்கே காய் வீணாகப் போனது? அதற்கு முந்தைய நகர்வில் எதிராளி என்ன செய்தார்? அதை நான் கவனித்தேனா? தறியில் இழை அறுந்தால் அறுந்த இடத்திலேயே முடிச்சுப் போடுகிறோம். நாலு முழம் நெய்த பிறகு தேடிப் பயனில்லை. இதுவும் அப்படித்தான்: தோல்வி கடைசி நகர்வில் வருவதில்லை, எங்கோ நடுவில் வந்திருக்கும்.

தொடக்க நிலைப் பிள்ளைகள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், காவல் இல்லாத காயை இலவசமாகக் கொடுத்துவிடுவது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் தலா 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். ராணியை இழந்தவன் எவ்வளவு நுட்பம் தெரிந்திருந்தாலும் மீள்வது கடினம். ஆகவே ஒவ்வொரு முறையும் காயைத் தொடுமுன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளப் பழக்குங்கள். எதிராளி இப்போது ஆடியதன் நோக்கம் என்ன? நான் ஆட நினைக்கும் நகர்வுக்குப் பின் என் எந்தக் காய் காவலின்றி நிற்கும்? முதல் வாரம் பிள்ளைக்குச் சலிப்பாக இருக்கும். கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசிக்கச் சொல்லுங்கள். கை மேலே இருந்தால் காயைத் தொட்டுவிடும்.

அடுத்தது புதிர். தினமும் பதினைந்து, இருபது நிமிடம் போதும். ஒரே குதிரை ராஜாவையும் யானையையும் ஒரு சேரத் தாக்குவது. பின்னால் ராஜா நிற்பதால் முன்னால் உள்ள காய் நகர முடியாமல் கட்டுண்டு போவது. தன் சிப்பாய்களே வழிமறிக்க ராஜா கடைசி வரிசையில் மாட்டிக்கொள்வது. இப்படிப் பத்துப் பதினைந்து அமைப்புகள் மறுபடி மறுபடி வரும். முந்தானையில் வரும் அன்னமும் மயிலும் போல, நூறு முறை பார்த்த கண்ணுக்கு அவை தானாகத் தென்படும். ஒரு நிபந்தனை: விடையை மனதிலேயே கடைசிவரை கண்ட பிறகுதான் காயை நகர்த்த வேண்டும். அழுத்திப் பார்ப்போம், தப்பானால் வேறு பார்ப்போம் என்பது புதிர் போடுவதாகாது.

தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதில் பெற்றோருக்கு ஒரு மோகம் இருக்கிறது. இத்தனை 'ஓப்பனிங்' சொல்லித் தருவோம் என்றுதான் பயிற்சி விளம்பரங்களும் வருகின்றன. தொடக்கத்தில் அது வேண்டியதில்லை. நடுக் கட்டங்களைப் பிடி, குதிரையையும் மந்திரியையும் சீக்கிரம் வெளியே கொண்டு வா, ராஜாவைக் கோட்டை கட்டிப் பாதுகாப்பான இடத்தில் வை, ராணியை அவசரப்பட்டு வெளியே அனுப்பாதே. இந்த நான்கும் முதல் ஆண்டுக்குப் போதும்.

இதற்கு நம் பெரியவர் ஒருவரே சாட்சி. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம் மட்டுமே போகும் பழைய இந்திய முறையில் ஆடிப் பழகியவர். உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபுவின் ஆதரவில் 1929இல் லண்டன் போனார். ஐரோப்பியத் தொடக்க முறைகள் அவருக்குப் பழக்கமில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் பல முறை பின்தங்குவார். நடு ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும் எதிராளியைப் பிடித்துவிடுவார். போன அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933இலும் அவரே. முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். சில ஆண்டுகள் ஆடிவிட்டு ஊர் திரும்பி, 1966இல் காலமானார். 2024இல்தான் உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவரோடு லண்டனில் அதே நிலப்பிரபுவின் இல்லத்தில் இருந்த ஃபாத்திமா என்ற பெண், 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டம் வென்றார். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறோம்.

கடைசி ஆட்டம் என்றோமே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பலகையில் காய்கள் குறைந்து ராஜாவும் ஓரிரு சிப்பாய்களும் மிஞ்சும் கட்டம் அது. பிள்ளைகளுக்குப் பிடிக்காது; பயிற்சியாளர்களும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் குகேஷ் உலகப் பட்டம் வென்றது எப்படி என்று பாருங்கள். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். அதுவரை இருவரும் ஆறரைப் புள்ளி. வெள்ளைக் காயில் சீனாவின் டிங் லிரன். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம்; ஆனால் இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி இருந்ததால் அந்த ஒன்றை வைத்து வெல்வது கடினம். 55ஆவது நகர்வில் டிங் தன் யானையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். காய் குறைந்தால் டிரா எளிது என்ற எண்ணம். ஆனால் அவருடைய மந்திரி மூலைக் கட்டத்தில் நின்றது. யானையை யானையால் வெட்டிய குகேஷ், அடுத்த நகர்வில் தன் மந்திரியை அந்த மந்திரிக்கு எதிரே வைத்தார். விலக இடமில்லை, அதுவும் மாற்றமாகிவிட்டது. இப்போது பலகையில் இருந்தது குகேஷுக்கு ஒரு ராஜாவும் இரண்டு சிப்பாய்களும், டிங்குக்கு ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும். மேலும் ஒரு நகர்வு. 58இல் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

அந்தக் கடைசி நிலை, புத்தகத்தில் தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு இருக்கும் பாடம். இரண்டு ராஜாக்களும் ஒரே நேர்கோட்டில், நடுவே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கும்போது, நகர்த்தும் முறை யாருடையதோ அவர் விலகி வழிவிட்டாக வேண்டும். இதற்கு 'அபோசிஷன்' என்று பெயர். இதையும், ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மாத் செய்வதையும், யானையும் ராஜாவும் சேர்ந்து செய்வதையும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். ராணி கையில் இருந்தும், எதிராளி ராஜாவுக்குச் செக்கும் இல்லாமல் நகரக் கட்டமும் இல்லாமல் அடைத்துவிட்டு, வென்ற ஆட்டத்தை டிரா ஆக்கிவிட்டு அழும் பிள்ளைகள் ஏராளம். இந்த மூன்றையும் இரண்டு மாதத்தில் வீட்டிலேயே பழகிவிடலாம். எதிரே தனி ராஜாவைப் பிடித்துக்கொண்டு உட்கார நன்னியோ அண்ணனோ போதும்.

கணினி எஞ்சின் பற்றி ஒரு சொல். ஆட்டம் முடிந்தவுடன் எது சரி எது தவறு என்று அது காட்டிவிடும். ஆனால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை பார்த்து எழுதுவது போலத்தான் அது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை எஞ்சினைத் தொட விடவில்லை. நம் பிள்ளைகள் முதலில் தாங்களே தவறைத் தேடட்டும். ஒரு வாரம் கழித்துச் சரிபார்க்க வேண்டுமானால் எஞ்சினைத் திறக்கட்டும்.

இனி பணம். ஒரு சுருட்டுப் பலகையும் பிளாஸ்டிக் காய்களும் சில நூறு ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிர்களுக்கு 'லிசெஸ்' என்ற இணையதளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. முதல் ஓராண்டுக்கு இதற்கு மேல் செலவு தேவையில்லை. குகேஷும் 2013இல் ஏழு வயதில் தொடங்கியபோது வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கற்றார். ஓராண்டு கழித்தும் பிள்ளை தானாக நோட்டைத் திறந்து உட்காருகிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்லாமலே உட்கார்ந்தால், அப்போது நல்ல ஆசிரியரைத் தேடுவதில் பொருள் உண்டு.

அதன் பிறகு போட்டிகள். மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்து, முதலில் தரவரிசைப் புள்ளி இல்லாத உள்ளூர்ப் போட்டிகளில் ஆட விடுங்கள். சர்வதேசத் தரப்புள்ளி பெற, ஏற்கெனவே புள்ளி உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆட வேண்டும்; 2024 மார்ச் முதல் அந்தப் பட்டியல் 1400இல் தொடங்குகிறது. அதாவது கீழ்ப்படி உயர்ந்துவிட்டது. தயாராகாத பிள்ளையைக் கட்டணம் கட்டி ஊர் ஊராக அழைத்துப் போவதில் பயணச் செலவும் மனச் சோர்வும்தான் மிஞ்சும்.

பள்ளியை நிறுத்திவிட்டு முழு நேரமும் ஆட விடலாமா என்றும் கேட்கிறார்கள். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பின் முறையாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. அவர் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாகப் போனார். தாயாரின் சம்பளத்தில் வீடு நடந்தது. அந்தக் குடும்பத்தின் தியாகத்தை மதிக்கிறோம். ஆனால் மகன் தோற்றிருந்தாலும் அந்தத் தந்தை திரும்பிப் போக ஒரு மருத்துவமனை இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்குத் தறியோ கடையோ ஒரு மாதம் நின்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். எனவே பள்ளியை நிறுத்துவதற்காகக் கேட்கும் எந்த உதவியையும் அறக்கட்டளை தராது. நகை அடகுக்கும் சம்மதிக்க மாட்டோம். இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் உண்டு என்று தெரியும்.

2022இல் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம், 2019 வரை நம் மாவட்டத்து ஊர். அந்தச் சமயத்தில் பள்ளிகளில் போட்டி வைத்தார்கள், பிள்ளைகள் பலகை வாங்கினார்கள். பல வீடுகளில் அந்தப் பலகை இப்போது அலமாரி மேல் கிடக்கிறது. அதை இறக்கித் துடைத்து எடுத்து வாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மஃரிப் பாங்கு வரை அறக்கட்டளைப் படிப்பகத்தில் பிள்ளைகள் ஆடலாம். பெண் பிள்ளைகளுக்கு அதே நாள் காலை பத்து மணி முதல் லுஹர் வரை. தாய்மார்கள் உடன் வரலாம். ஆடத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் இருவர் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஒரு நாளில் ஒருவருக்கு இரண்டு ஆட்டம்தான். இரண்டையும் எழுத வேண்டும். நோட்டும் பேனாவும் கொண்டு வர வேண்டும். கைப்பேசியை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும். அழைத்து வரும் அத்தாமார்களுக்கும் இது பொருந்தும். பலகை இல்லாத வீடுகள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், இருக்கும் எட்டுப் பலகைகளை வாரம் ஒரு வீடாக மாற்றி மாற்றித் தருவோம்.